அளவாகத் தைப்போம்: சீருடைத் திருத்தமும் கணக்குப் பாடமும்

பள்ளி திறந்த முதல் மாதத்தில் நாம் எல்லோரும் காணும் காட்சிதான். புதுச் சீருடை கைக்கு வந்ததும் குழந்தைகளின் முகம் மலர்கிறது. மறுநாள் அணிந்து வரும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. ஒருவனுக்குச் சட்டைக் கை விரல் நுனிவரை இறங்கியிருக்கும். இன்னொருவன் ஒரு கையால் காற்சட்டையைப் பிடித்துக்கொண்டே இறைவணக்கக் கூட்டத்தில் நிற்பான். சற்று வளர்ந்த மாணவிக்கோ மேலாடை பிடிக்கும். சத்துணவு உண்ணும் மாணவர்களுக்கு விலையில்லாச் சீருடை வழங்கும் திட்டம் நம் மாநிலத்தில் 1985ஆம் ஆண்டு தொடங்கியது. 2012-13 முதல் ஆண்டுக்கு 4 இணைச் சீருடைகள் கிடைக்கின்றன. மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள் அவற்றைத் தைக்கிறார்கள். லட்சக்கணக்கான குழந்தைகளுக்குத் தைக்கும்போது வகுப்புக்கும் வயதுக்கும் ஏற்ற பொது அளவுகளில்தான் தைக்க முடியும். அந்தப் பொது அளவை ஒவ்வொரு குழந்தையின் உடலுக்கும் பொருத்தும் கடைசி வேலை வீட்டில் நடக்க வேண்டியது.

நான் பணியாற்றுவது ஜவ்வாது மலையில் உள்ள ஓர் உண்டு உறைவிடப் பள்ளி. இங்கே அந்தக் கடைசி வேலை பல குழந்தைகளுக்கு நடப்பதில்லை. அவர்கள் விடுதியில் தங்கிப் படிக்கிறார்கள். பெற்றோரில் பலர் வேலை தேடி வெளியூர் சென்றிருப்பார்கள். தையற்காரரைப் பார்க்க ஜமுனாமரத்தூருக்கோ, மலையிறங்கி போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ போக வேண்டும். ஒரு காற்சட்டையைச் சுருக்குவதற்காக ஒரு நாள் கூலியை இழந்து பேருந்து ஏறும் பெற்றோர் அரிது. ஆகவே பெரிய சட்டை பெரிதாகவே இருக்கும். சிறியது சிறிதாகவே இருக்கும்.

நான் தையல் பயிற்றுநர் அல்லள், கணக்கு ஆசிரியை. ஆனால் சீருடையைத் திருத்துவதில் பாதி வேலை கணக்கு என்பதைக் கண்டுகொண்டதால், வாரத்தில் ஒரு பாடவேளையை இதற்கென ஒதுக்கி 6 முதல் 8 வரையிலான வகுப்புகளில் செய்து வருகிறேன். அதன் முறையையும் அதில் கற்பிக்கக் கூடிய பாடக்கருத்துகளையும் இங்கே பகிர்கிறேன்.

உடை பொருந்தாவிட்டால் என்ன ஆகும்?

‘உடம்பை மூடினால் போதாதா, அழகு எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. எட்டாம் வகுப்பில் ஒரு மாணவி இருந்தாள். குறிப்பேட்டில் எல்லாக் கணக்கும் சரியாக இருக்கும். கரும்பலகைக்கு அழைத்தால் மட்டும் எழுந்து நின்று தலையைக் குனிந்துகொள்வாள். விடை தெரிந்தாலும் கையை உயர்த்த மாட்டாள். கூச்ச சுபாவம் என்றே எல்லோரும் சொன்னார்கள். அவளுடைய தோழிதான் ஒரு நாள் என்னிடம் தனியாக வந்து, “டீச்சர், அவ கைய தூக்குனா சட்ட மேல ஏறிக்குது. அதான் வரமாட்டேங்குறா” என்றாள்.

வளரிளம் பருவப் பெண் குழந்தைக்கு இது சிறிய செய்தி அன்று. அக்குளில் பிடிக்கும் சட்டை அவளை விளையாட்டுத் திடலிலிருந்தும் கரும்பலகையிலிருந்தும் தள்ளி வைக்கிறது. ஆண் குழந்தைகளுக்கும் இது பொருந்தும். இடுப்பில் நிற்காத காற்சட்டையுடன் ஓட்டப்பந்தயத்தில் ஓட எவன் முன்வருவான்? நாம் ‘பங்கேற்பு குறைவு’ என்று பதிவேட்டில் எழுதுவதற்குப் பின்னால் சில வேளைகளில் அரை அங்குலத் துணிதான் காரணமாக இருக்கும்.

அளவெடுப்பதில் கவனம்

முதல் விதி: குழந்தையை அளப்பதைவிட, அவருக்குச் சரியாக இருக்கும் ஓர் உடையை அளப்பதே மேல். தையற்கடைக்குப் போகும்போது ‘அளவு சட்டை’ எடுத்துப் போகிறோம் அல்லவா? அதே முறைதான். ஒவ்வொருவரிடமும் தமக்கு நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டையாவது இருக்கும். அதை மேசைமேல் சுருக்கமின்றி விரித்து, புதுச் சட்டையை அதன்மேல் வைத்தால் எங்கே எவ்வளவு வேறுபாடு என்பது கண்ணுக்கே தெரியும்.

அளவு சட்டை இல்லாதபோது மட்டும் உடலில் அளக்கலாம். அப்போது மாணவியை மாணவியும் மாணவனை மாணவனும், அணிந்திருக்கும் உடைக்கு மேலாக, எல்லோரும் இருக்கும் இடத்தில் அளக்க வேண்டும். விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. அளவுகளை உரக்கப் படிப்பதும் ஒருவர் அளவை இன்னொருவரோடு ஒப்பிட்டுப் பேசுவதும் கூடாது. அவரவர் அளவு அவரவர் குறிப்பேட்டில் மட்டும் இருக்கட்டும்.

இரண்டாம் விதி: புதுத் துணியை ஒரு முறை நீரில் நனைத்து உலர்த்திய பிறகே அளக்க வேண்டும். பருத்தி கலந்த துணி முதல் நனைப்பில் சுருங்கக் கூடும். நனைக்காமல் அளந்து தைத்தால் கணக்குச் சரியாக இருந்தும் உடை தவறிவிடும்.

இஞ்ச் டேப்பைக் கையில் கொடுத்ததும் ஒரு பக்கம் அங்குலம், மறுபக்கம் சென்டிமீட்டர் இருப்பதை மாணவர்களே கண்டுபிடிப்பார்கள். 60 அங்குலத்துக்கு நேர் பின்னால் என்ன எண் இருக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 152.4 செ.மீ. வரும். 60ஆல் வகுத்தால் 1 அங்குலம் 2.54 செ.மீ. என்பது பாடநூலைத் திறக்காமலேயே கிடைத்துவிடும். எங்கள் மலையில் காவலூர் வான் ஆய்வகம் இருக்கிறது. அங்கே 1986ஆம் ஆண்டு வைணு பாப்புவின் பெயர் சூட்டப்பட்ட தொலைநோக்கியின் ஆடி 2.34 மீட்டர் விட்டம் கொண்டது. “நம்ம டேப் அதுக்கு எட்டுமா?” என்று கேட்டேன். ஒன்றரை டேப் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொன்னார்கள். அளவு என்பது அப்போதுதான் கைக்குள் வருகிறது.

முதல் கணக்கு: ஏன் நான்கால் வகுக்கிறோம்?

சட்டை தொளதொளவென்று இருந்தால் பக்கவாட்டுத் தையலை உள்ளே தள்ளித் தைக்க வேண்டும். எவ்வளவு தள்ளுவது? இங்கேதான் பாடம் இருக்கிறது.

எடுத்துக்காட்டாக, மாணவனின் மார்புச் சுற்றளவு 26 அங்குலம். மூச்சு விடவும் கையை வீசவும் தளர்வு வேண்டும். பள்ளிச் சட்டைக்கு 4 அங்குலத் தளர்வு வைத்தால், சட்டையின் சுற்றளவு 30 அங்குலம் இருக்க வேண்டும். புதுச் சட்டையை மேசையில் விரித்து அளந்தால் அகலம் 17 அங்குலம். முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து சுற்றளவு 34. ஆக, 4 அங்குலம் குறைக்க வேண்டும்.

“4 அங்குலம் உள்ளே கோடு போடுங்கள்” என்பதுதான் பெரும்பாலான மாணவர்களின் முதல் விடை. சட்டையில் கை வைக்கும் முன் செய்தித்தாளில் செய்யச் சொல்வேன். இரண்டு தாள்களைச் சட்டை வடிவில் வெட்டி, இரு பக்கமும் பசையால் ஒட்டிக் காகிதச் சட்டை செய்கிறார்கள். அதில் இரு பக்கமும் 4 அங்குலம் உள்ளே ஒட்டினால் சட்டை தலையணை உறை அளவுக்குச் சுருங்கிவிடும். சிரிப்பு அடங்கியதும் எண்ணச் சொல்வேன். இடப்பக்கத் தையலில் முன் துணி ஒன்று, பின் துணி ஒன்று, வலப்பக்கத்திலும் அப்படியே. ஒரு கோட்டை உள்ளே தள்ளினால் நான்கு இடங்களில் துணி குறைகிறது. எனவே 4 ÷ 4 = 1. பழைய தையலிலிருந்து 1 அங்குலம் உள்ளே கோடு போட்டால் போதும்.

குறைக்க வேண்டிய சுற்றளவு ÷ 4 = கோடு நகர வேண்டிய தூரம். இந்தச் சூத்திரத்தை நான் சொல்லிக் கொடுத்ததில்லை. காகிதச் சட்டை சொல்லிக் கொடுத்தது. 3 அங்குலம் குறைக்க முக்கால் அங்குலம், 2 அங்குலம் குறைக்க அரை அங்குலம் என்று பின்னங்கள் தாமாகவே வந்துவிடுகின்றன.

கோடு போடும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். புதிய கோடு சட்டையின் அடிமடிப்பிலிருந்து அக்குள்வரை போய் அங்கேயே நின்றுவிடக் கூடாது. அக்குளில் வளைந்து, கையின் அடிப்பக்கத் தையல் வழியாகக் கை விளிம்புவரை தொடர வேண்டும். உடலை மட்டும் சுருக்கிக் கையை விட்டுவிட்டால் அக்குளில் துணி மூட்டையாகத் திரண்டுவிடும்.

மிஞ்சிய துணியை வெட்டக் கூடாது. உள்ளேயே விட்டு ஓரத்தைச் சுற்றித் தைத்துவிடலாம். அடுத்த ஆண்டு அதே துணிதான் கைகொடுக்கும்.

இரண்டாம் கணக்கு: டக் பிடித்தல்

நம் வீடுகளில் பெண் குழந்தைக்குப் பட்டுப்பாவாடை தைத்தால் அடிப்பகுதியில் டக் பிடித்துத் தைக்கச் சொல்வார்கள். குழந்தை வளர வளர ஒவ்வொரு டக்காகப் பிரித்து விடுவார்கள். ஒரே பாவாடை பல தீபாவளிக்கு வரும். ஜப்பானில் குழந்தைகளின் கிமோனோ உடையிலும் இதே வழக்கம் உண்டு. தோளிலும் இடுப்பிலும் மடித்துத் தைத்து, குழந்தை வளரும்போது பிரித்து விடுவார்கள். கடலுக்கு அப்பால் இருக்கும் பாட்டிக்கும் நம் பாட்டிக்கும் ஒரே கணக்குத்தான் தோன்றியிருக்கிறது. இதைச் சொன்னால் மாணவர்கள் தம் வீட்டுப் பாட்டியிடம் போய்க் கேட்டு வருகிறார்கள். அதுவே ஒரு செயல்திட்டம்.

காற்சட்டையின் நீளம் 36 அங்குலம், தேவை 33. அடியில் 3 அங்குலத்தைக் கூடுதலாக உள்ளே மடித்துத் தைத்தால் நீளம் 3 அங்குலம் குறையும். ஆனால் அடிமடிப்புக்குச் சற்று மேலே உள்பக்கமாக டக் பிடித்தால் ஒன்றரை அங்குல ஆழம் போதும். ஏனென்றால் டக்கில் துணி போய்த் திரும்பி வருகிறது. மடிப்பில் ஒரு மடங்கு, டக்கில் இரு மடங்கு. இந்த வேறுபாட்டை வைத்து எங்கள் வகுப்பில் ஒரு பாடவேளை முழுக்க வாதம் நடந்தது. காகிதத்தை மடித்துப் பார்த்த பிறகே ஓய்ந்தது.

பாவாடைக்கு 3 அங்குலம் குறைக்க வேண்டுமானால் ஒரே பெரிய டக்குக்குப் பதிலாக முக்கால் அங்குல ஆழத்தில் இரண்டு டக் பிடிக்கலாம். அரையாண்டு விடுமுறைக்குப் பின் ஒன்றைப் பிரித்தால் ஒன்றரை அங்குலம் நீளும். சட்டையின் தோள் இறங்கியிருந்தால் கையைக் கழற்றித் தைப்பது தேர்ந்த தையற்காரரின் வேலை. வகுப்பறையில் தோளின் மேல் மெல்லிய டக் ஒன்று பிடித்தால் போதும். 1 அங்குலம் ஏற்றுவதற்கு அரை அங்குல டக்.

டக்கைப் பிரித்த இடத்தில் பழைய மடிப்பின் கோடு தெரியும். உள்ளே இருந்த துணி வெயில் படாததால் நிறமும் சற்று அடர்ந்திருக்கும். துவைக்கத் துவைக்க வேறுபாடு குறையும். கோடு மட்டும் போகாவிட்டால் அதன்மேல் அதே நிற நூலில் ஒரு தையல் ஓட்டிவிடலாம். பார்ப்பவருக்கு அது வேலைப்பாடாகத் தோன்றும்.

பிடிக்கும் சட்டையை விரிப்பது

சுருக்குவது எளிது, விரிப்பது கடினம். முதலில் தையலைப் பிரித்து உள்ளே எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அரை அங்குலம் இருந்தால், தையல் விட்டுப்போகாமல் இருக்கக் கால் அங்குலத்தை வைத்துக்கொண்டு மீதிக் கால் அங்குலத்தை வெளியே விடலாம். நான்கு இடங்களில் கால் அங்குலம் என்றால் சுற்றளவில் 1 அங்குலம் கிடைக்கும்.

அதற்கு மேல் வேண்டுமானால் பக்கவாட்டில் பட்டை வைக்க வேண்டும். சென்ற ஆண்டின் பழைய சீருடையில் கிழியாத பகுதியிலிருந்து 2 அங்குல அகலப் பட்டைகள் வெட்டிக்கொள்ளலாம். இரு ஓரமும் அரை அங்குலம் தையலுக்குப் போனால் 1 அங்குலம் நிற்கும். இரு பக்கமும் சேர்த்து 2 அங்குலம் கூடும். பட்டையும் கை விளிம்புவரை தொடர வேண்டும்.

கையை உயர்த்தினால் சட்டை மேலேறுவதற்கு மருந்து வேறு. அக்குளில் நான்கு தையல்களும் கூடும் இடத்தைப் பிரித்து, அங்கே ஒரு சதுரத் துண்டை மூலைவாட்டில் வைத்துத் தைக்க வேண்டும். 4 அங்குலச் சதுரம் வெட்டினால் ஓரங்கள் போக 3 அங்குலச் சதுரம் நிற்கும். அதன் மூலைவிட்டம் எவ்வளவு? எட்டாம் வகுப்புப் பிதாகரஸ் தேற்றம் இங்கே பயன்படுகிறது. 9 + 9 = 18; அதன் வர்க்கமூலம் ஏறத்தாழ 4.24. கால் மீட்டர்கூட இல்லாத துணியில் கைக்கு 4 அங்குல இடம் கிடைக்கிறது. நான் மேலே சொன்ன மாணவியின் சட்டைக்குத் தோழியர் இருவர் சேர்ந்து இந்தச் சதுரத்தைத்தான் வைத்தார்கள். அடுத்த வாரம் அவள் கரும்பலகைக்கு வந்து எழுதினாள். அவளுடைய கணக்கு முன்பும் சரியாகத்தான் இருந்தது. மாறியது சட்டையின் அக்குள் மட்டும்.

சீருடை பொருந்தியதால் வருகை கூடியது என்று நான் சொல்ல மாட்டேன். எங்கள் குழந்தைகள் பள்ளிக்கு வராமல் போவதற்கு வறுமை, இடம்பெயர்வு என்று பெரிய காரணங்கள் இருக்கின்றன. ஆனால் வந்த குழந்தை தயக்கமின்றி எழுந்து நிற்க இது உதவுகிறது. அது நம் கையில் இருக்கும் செயல்.

மூன்று தையல், ஒரு ஊசிப் பெட்டி

தையல் எந்திரம் இல்லாமலேயே இவை அனைத்தையும் செய்யலாம். மூன்று கைத்தையல்கள் போதும். கோட்டின்மேல் தற்காலிகமாகப் பிடித்து வைக்க, நீளமான ஓட்டுத் தையல். போட்டுப் பார்த்துச் சரியாக இருந்தால், அதன்மேல் உறுதிக்காகப் பின்தையல்: ஒவ்வொரு முறையும் ஊசி ஒரு அடி பின்னால் போய் இரண்டு அடி முன்னால் வர வேண்டும். அடிமடிப்புக்கு ஹெம்மிங்: வெளிப்பக்கத் துணியில் ஓரிரு இழையை மட்டும் எடுத்தால் வெளியே தெரியாது. போட்டுப் பார்க்காமல் பின்தையல் போடவே கூடாது என்பதை எங்கள் வகுப்பில் சட்டமாக வைத்திருக்கிறோம்.

பாதுகாப்பும் பாடத்தின் ஒரு பகுதியே. ஊசிகள் எண்ணி எடுக்கப்பட்டு, எண்ணித் திரும்ப வைக்கப்பட வேண்டும். குழந்தைகள் வெறுங்காலுடன் நடக்கும் இடத்தில் ஓர் ஊசி குறைந்தாலும் அது கிடைக்கும்வரை யாரும் எழக் கூடாது. ஊசிப் பொறுப்பாளர் வாரம் ஒருவர். நுனி மழுங்கிய கத்தரிக்கோலே போதும். இஸ்திரிப் பெட்டி இல்லாத விடுதியில் மடிப்பைப் படிய வைக்க, துணியை நீவி மடித்துப் பாய்க்கு அடியில் ஓர் இரவு வைக்கலாம். அல்லது அடி தட்டையான செம்பில் வெந்நீர் நிரப்பி ஆசிரியர் தேய்த்துக் கொடுக்கலாம்.

பையன்களும் தைக்கட்டும்

“ஆம்பளப் பையனுக்கு எதுக்குங்க டீச்சர் ஊசி நூலு?” என்று ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பதில் சொல்வதற்குள் அவருக்குப் பக்கத்தில் இருந்த பெரியவரே சொல்லிவிட்டார்: “சாம மூட்டைய கோணி ஊசி போட்டு நாமதான தைக்கறோம்?” மலையில் சாமை விளைகிறது, மூட்டை தைப்பது ஆண்களின் வேலை. நகரத்துத் தையற்கடைகளில் எந்திரத்தின் முன் அமர்ந்திருப்போரிலும் ஆண்கள் ஏராளம். பொத்தான் தைக்கத் தெரிந்த பையன் நாளை வெளியூரில் தங்கிப் படிக்கும்போது யாரையும் எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கைத்தொழிலைப் பாடத்தோடு இணைப்பது நமக்குப் புதிதன்று. 1937ஆம் ஆண்டு வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் மையமே அதுதான். உடையைத் திருத்தி உடுத்துவது ஏழ்மையின் அடையாளமும் அன்று. இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனில் 1941இல் துணிக்குப் பங்கீடு வந்தது. 1943இல் அந்நாட்டு அரசே பழைய உடைகளைச் செப்பனிட்டு உடுத்தும் முறைகளைக் கையேடாக அச்சிட்டு மக்களுக்கு வழங்கியது.

வகுப்பு வாரியாக என்ன செய்யலாம்?

1 முதல் 3ஆம் வகுப்புவரை ஊசி வேண்டாம். நீளமானது, குட்டையானது, தொளதொளப்பானது, இறுக்கமானது என்று சொற்களைப் பழக்கலாம்; நூலால் அளந்து ஒப்பிடலாம்; பெரிய துளையிட்ட அட்டையில் நாடா கோக்கலாம். 4, 5ஆம் வகுப்புகளில் இஞ்ச் டேப்பால் அளந்து எழுதுதல், பொத்தான் தைத்தல், ஓட்டுத் தையல். 6ஆம் வகுப்பில் காகிதச் சட்டையும் பின்னங்களும் அடிமடிப்பும். 7ஆம் வகுப்பில் டக், பக்கவாட்டுத் தையல். 8ஆம் வகுப்பில் பட்டை, அக்குள் சதுரம். மொழிப் பாடத்தில், ஒரு டக் பிடிக்கும் முறையைத் தைக்கத் தெரியாத ஒருவருக்குப் புரியும்படி எழுதச் சொல்லலாம். எழுதியதை இன்னொரு குழு படித்து அப்படியே செய்துபார்க்க வேண்டும். எங்கே தடுக்கிறதோ அந்த வாக்கியத்தைத் திருத்த வேண்டும். செயல்முறை எழுதுவதற்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியவில்லை.

பள்ளியில் தையல் பயிற்றுநர் இருந்தால் அவரோடு சேர்ந்து திட்டமிடலாம். இல்லாவிட்டால் ஊரில் எந்திரம் வைத்திருக்கும் ஒரு மகளிர் குழு உறுப்பினரை அழைக்கலாம். எங்கள் பள்ளிக்கு அப்படி ஒருவர் வருகிறார். அவரை மாணவர்கள் ‘தையல் அக்கா’ என்கிறார்கள்.

சீருடை வந்த வாரத்தில் நனைத்து உலர்த்தி அளவு சட்டையோடு ஒப்பிடுங்கள். இரண்டாம் வாரம் காகிதத்தில் கணக்கு. மூன்றாம் வாரம் ஓட்டுத் தையலும் போட்டுப் பார்த்தலும். நான்காம் வாரம் பின்தையல். ஜூலை முடிவதற்குள் வகுப்பு முழுவதும் முடிந்துவிடும். செலவு 2 இஞ்ச் டேப், ஒரு பொட்டலம் ஊசி, சீருடை நிறத்தில் சில நூற்கண்டுகள், ஒரு தையல் சாக்கட்டி. முதலில் யாருடைய சட்டையை எடுப்பது என்பதை மட்டும் மாணவர்களிடம் விடாமல் நீங்களே முடிவு செய்யுங்கள். வகுப்பில் கையை உயர்த்தாமல் அமர்ந்திருக்கும் குழந்தையின் சட்டையிலிருந்து தொடங்கலாம்.